சிறு தொழில்களை உண்மையில் கவிழ்ப்பது எது: மோசமான இணையமா, கடனா, போட்டியா?

கேள்வி இது: "சிறு தொழில் நடத்துபவர்களின் சவால்கள் என்றால், கிராமத்தில் இணையம் சரியில்லை என்பதில் ஆரம்பித்து திவால் வரை ஒரு நீண்ட பட்டியல் சொல்கிறார்கள். இதில் உண்மையாகவே தொழிலைக் கவிழ்ப்பது எது? முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?"

சிறு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தொழிலைக் கவிழ்ப்பது தாமதம். பணம் தாமதமாக வருகிறது, தகவல் தாமதமாகப் போகிறது, உதவி கேட்க வேண்டியவர் தாமதமாகக் கேட்கிறார். இணையமும் திவாலும் பட்டியலின் இரு முனைகளில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் இடையில் ஒரே கயிறுதான் ஓடுகிறது.

முதலில் பணம். பலருக்கும் லாபம் வேறு, ரொக்கம் வேறு என்பது தெரியும். ஆனால் வியாபாரம் நன்றாகப் போகும்போது அது மறந்துபோகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். தினமும் 100க்கு விற்கிறீர்கள், அதற்கு அடக்கம் 80. சரக்குக் கொடுத்தவருக்கு 15 நாளில் பணம் தர வேண்டும், வாங்கியவர் உங்களுக்கு 90 நாளில் தருகிறார். நடுவில் 75 நாள். அந்த 75 நாளுக்கும் தினம் 80 வீதம் 6,000 உங்கள் கையிலிருந்து முடங்கிக் கிடக்கும். இப்போது ஒரு பெரிய ஆர்டர் வந்து விற்பனை இரட்டிப்பாகிறது என்று வையுங்கள். எல்லோரும் வாழ்த்துவார்கள். ஆனால் முடங்கும் தொகை 12,000 ஆகிவிட்டது. கூடுதலாகத் தேவைப்படும் 6,000 என்பது பழைய கணக்கில் 300 நாள் லாபம். அது இல்லாதவர் வங்கியிடம் போவார், வங்கி கேட்கும் காகிதங்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கைமாற்று வாங்குவார், பிறகு வட்டிக்கு வாங்குவார். லாப நட்டக் கணக்கு அழகாக இருக்கும், சம்பள நாளன்று கணக்கில் பணம் இருக்காது. இந்த நிலையில் மூடிய தொழில்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போட்டியால் மூடியவை அவற்றைவிடக் குறைவு.

ஜேபி மோர்கன் சேஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2016-ல் அமெரிக்கச் சிறு தொழில்களின் வங்கிக் கணக்குகளை ஆராய்ந்தது. வரவே நின்றுபோனால் எத்தனை நாள் செலவைத் தாங்குவார்கள் என்று பார்த்ததில், நடுநிலையில் இருந்த நிறுவனத்துக்குக் கிடைத்த விடை 27 நாள். அதாவது பாதிப் பேர் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டார்கள். வாங்குபவரோ 60 நாள், 90 நாள் என்று இழுக்கிறார். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், ஏன் இவ்வளவு பேர் விழுகிறார்கள் என்பது புரியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 1998-லேயே, தாமதமான பாக்கிக்கு அந்நாட்டு மத்திய வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் கேட்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-ன் விதிப்படி அரசு அலுவலகங்கள் பொதுவாக 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்கிறது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. காகிதத்தில் இதைவிடக் கடுமையான சட்டம் தேவையில்லை. பிரச்சினை, வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது, நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் இந்திய வருமான வரிச் சட்டத்தில் பின்னால் சேர்த்த ஒரு விதி எனக்குப் பிடிக்கும்: உரிய நாளுக்குள் பாக்கியைத் தராவிட்டால், கொடுக்கும் ஆண்டு வரை அந்தச் செலவை வாங்குபவர் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. கேட்கும் பொறுப்பைச் சிறியவர் தலையில் போடாமல், கொடுக்காதவரையே உறுத்தும் விதி அது.

இனி இணையம். இது வெறும் வசதிப் பிரச்சினை என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்குப்படி உலகில் நகரவாசிகளில் 83 சதவீதம் பேர் இணையம் பயன்படுத்துகிறார்கள், கிராமவாசிகளில் 48 சதவீதம்தான். அந்த 48-க்குள் இருப்பவர்களின் இணையமும் தொழிலுக்கு ஆகும் இணையமா என்பது தனிக் கேள்வி. வீடியோ ஓடுவதை வைத்து இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுகிறோம். வீடியோவுக்கு இறங்கும் (டவுன்லோடு) வேகம் போதும். தொழிலுக்கு ஏறும் (அப்லோடு) வேகம் வேண்டும்: படங்களோடு விலைப்பட்டியல் அனுப்ப, கணக்கை மேகச் சேமிப்பில் ஏற்ற, வாடிக்கையாளரோடு வீடியோவில் பேச. பழைய செப்புக் கம்பி இணைப்புகளில் ஏறும் பாதை வேண்டுமென்றே குறுகலாக அமைக்கப்பட்டது, கம்பி நீள நீள வேகமும் தேய்ந்துகொண்டே போகும். அமெரிக்காவில் 2015 முதல் அகலப்பட்டை (பிராட்பேண்ட்) என்றால் நொடிக்கு இறங்க 25, ஏற 3 மெகாபிட் என்றிருந்தது. 2024-ல்தான் அதை 100, 20 என்று உயர்த்தினார்கள். ஏறும் அளவு கிட்டத்தட்ட ஏழு மடங்கானதைக் கவனியுங்கள்.

செயற்கைக்கோள் இணையம் இருக்கிறதே என்பார்கள். பழைய வகைக் கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் செய்தி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அதேபோல மேலே போய்க் கீழே வர ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை நொடி ஆகும். படம் பார்க்க அது தடையில்லை. பத்துப் பதினைந்து முறை கேள்வி பதில் நடந்த பிறகே திறக்கும் வங்கிப் பக்கத்துக்கும் வரித் தளத்துக்கும் அது பெரும் தடை. ஏறத்தாழ 550 கிலோமீட்டரில் சுற்றும் புதிய வகைக் கோள்கள் இந்தக் குறையைப் பெரிதும் தீர்த்துவிட்டன. கட்டணம் தாங்குமா என்பதுதான் அங்கே கேள்வி.

இன்னொன்று, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம்: எங்கெங்கே இணைய இணைப்பு இருக்கிறது என்று காட்டும் வரைபடங்கள். அமெரிக்காவில் பல ஆண்டுகளாக, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த ஒரு நிலத் துண்டில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புத் தர முடியுமென்றாலும் அந்தத் துண்டு முழுவதும் இணைப்புப் பெற்றதாகவே கணக்கில் ஏறியது. 2022 நவம்பரில்தான் ஒவ்வொரு கட்டடமாகக் காட்டும் வரைபடம் வந்தது. இந்தியாவில் 2011-ல் தொடங்கிய கிராமக் கண்ணாடியிழைத் திட்டம், இப்போது பாரத்நெட், முதலில் குறிவைத்தது பஞ்சாயத்து அலுவலகம் வரை. அங்கிருந்து உங்கள் பட்டறை வரைக்குமான கடைசித் தூரம் யாருடைய கணக்கிலும் வராமல் கிடக்கும். இணைப்பு வந்துவிட்டதாக ஏட்டில் பதிவான இடத்துக்கு உதவித்தொகை வராது. இல்லாதவர் கேட்கும் வழியும் அத்தோடு அடைபடுகிறது.

இது பணத்தோடு எங்கே சேர்கிறது என்றால், பில் போடும் இடத்தில். பெரிய நிறுவனங்கள் இப்போது பில்லைத் தங்கள் தளத்தில் ஏற்றச் சொல்கின்றன. பணம் தரும் நாள், தளம் பில்லை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் எண்ணப்படும். அவர்கள் மாதத்துக்கு ஒருமுறை பணம் விடுபவர்களாக இருந்தால், இரண்டு நாள் இணையம் இல்லாததால் கெடு தவறிய பில் ஒரு மாதம் தள்ளிப்போகும். வரித் தாக்கலில் கடைசி நாளன்று ஓ.டி.பி. வராவிட்டால் அபராதம். ஆன்லைனில் விற்பவருக்குப் பதில் தாமதமானால் தரவரிசை இறங்கும். ஒவ்வொன்றும் சிறியது, எல்லாம் சேர்ந்து அந்த 27 நாளைத் தின்கின்றன.

நான் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது: இரண்டு இணைப்பு வையுங்கள், ஆனால் இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே குழியில் வரக் கூடாது. வந்தால் ஒரு பொக்லைன் இரண்டையும் அறுத்துவிடும். ஒன்று கம்பி, ஒன்று டவர் என்றிருப்பது நல்லது. இணையம் இல்லாதபோதும் பில் போடும் மென்பொருளை வாங்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி.க்குப் பதில், அனுமதிக்கும் தளங்களில் நேரத்தை வைத்து எண் உருவாக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். அதற்கு சிக்னலே தேவையில்லை. கெடு நாளுக்கு மூன்று நாள் முன்பே தாக்கல் செய்துவிடுங்கள்.

அடுத்து திவால். மஞ்சக் கடுதாசி என்றாலே தலைகுனிவு என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தலைகுனிவுதான் மனிதர்களை அழிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் அதற்குப் பயந்து செய்யும் காரியங்கள்தான் மீளவே முடியாத இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன.

1897-ல் லண்டனில் சாலமன் என்ற காலணி உற்பத்தியாளரின் வழக்கில், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்புச் சொன்னது: கம்பெனி வேறு, அதன் முதலாளி வேறு, கம்பெனி முழுகினால் அதன் கடனுக்கு அவர் சொத்தில் கை வைக்க முடியாது. இன்றைய வரையறுத்த பொறுப்பு நிறுவனங்களுக்கெல்லாம் அதுதான் அடித்தளம். ஆனால் கடன் கொடுப்பவர்கள் அதைச் சுற்றிப் போக ஒரு காகிதம் வைத்திருக்கிறார்கள்: உரிமையாளரின் தனிப்பட்ட ஜாமீன். கடன் வாங்கும் அன்று நீட்டப்படும் காகிதக் கட்டின் நடுவில் எங்கோ இருக்கும். அதில் கையெழுத்துப் போட்ட நிமிடம், சாலமனுக்குக் கிடைத்த பாதுகாப்பு அந்தக் கடனைப் பொறுத்தவரை உங்களுக்குக் கிடையாது. கம்பெனி முழுகினால் வீடும் போகும். ஜாமீன் இல்லாமல் கடன் தர மாட்டோம் என்றால், தொகைக்கு ஓர் உச்சவரம்பு கேளுங்கள், பாதிக் கடன் அடைந்ததும் விடுவிக்கும் விதி கேளுங்கள், மனைவி அல்லது கணவரின் கையெழுத்தைச் சேர்க்காமல் இருக்கப் பாருங்கள். கேட்டதற்காக யாரும் கடனை மறுத்து நான் பார்த்ததில்லை; மறுப்பது பெரும்பாலும் நிபந்தனையை மட்டும்தான்.

தனி உரிமையாளராகத் தொழில் செய்பவருக்கு, தொழிலையும் சொந்தச் சொத்தையும் பிரிக்கும் அந்தச் சுவரே கிடையாது. இந்தியாவில் இன்னும் ஒரு சங்கடம் உண்டு. 2016-ன் திவால் சட்டம் கம்பெனிகளுக்கும் எல்.எல்.பி.களுக்கும் (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனங்கள்) நடைமுறையில் இருக்கிறது. 2021-ல் சிறு நிறுவனங்களுக்கென, கடன் கொடுத்தவர்களோடு முன்கூட்டிப் பேசி முடிக்கும் எளிய வழியும் சேர்த்தார்கள்: நிர்வாகம் உரிமையாளர் கையிலேயே இருக்கும், 120 நாளில் முடிய வேண்டும். ஆனால் தனி உரிமையாளருக்கும் கூட்டு வணிகத்துக்குமான பகுதி இன்னும் முழுதாக அமலுக்கு வரவில்லை, அவர்கள் 1909, 1920-ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ்தான் போக வேண்டும். நாட்டில் மிகச் சிறிய தொழில்களில் பெரும்பாலானவை இந்த வகை என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மற்ற இடங்களில் சட்டம் இளகிவருகிறது. அமெரிக்காவில் 2020 பிப்ரவரி முதல் சிறு தொழில்களுக்கென்றே திவால் சட்டத்தின் பதினோராம் அத்தியாயத்தில் ஐந்தாவது உட்பிரிவு இருக்கிறது: உரிமையாளர் தொழிலை நடத்திக்கொண்டே 90 நாளுக்குள் கடனைத் தீர்க்கும் திட்டம் கொடுக்கலாம். இங்கிலாந்தில் தனிநபர் திவாலில் பெரும்பாலும் 12 மாதத்தில் கடன்களிலிருந்து விடுதலை. சிங்கப்பூரில் 2021 முதல் எளிய நடைமுறை ஒன்று வந்தது. நேர்மையாகத் தொழில் செய்து விழுந்தவர் மூன்று ஆண்டுக்குள் கடன் சுமை நீங்கி எழ வழி வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் விதித்தது. தோற்றவர் திரும்ப எழுந்தால் எல்லோருக்கும் லாபம் என்பதை அரசுகளே ஏற்றுக்கொண்டுவிட்டன.

இந்தக் கதவுகள் திறந்திருப்பது சீக்கிரம் வருபவர்களுக்கு. மக்கள் கடைசியில்தான் வருகிறார்கள், வருவதற்கு முன் ஒரு காரியம் செய்துவிடுகிறார்கள்: கைமாற்றுக் கொடுத்த மைத்துனருக்கோ நண்பருக்கோ முதலில் அடைத்துவிடுகிறார்கள். மனசாட்சியோடு செய்வதுதான். ஆனால் ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்ததாகச் சொல்லி நீதிமன்றம் அதைத் திருப்பி வாங்கலாம். உறவினர் என்றால் இந்தியாவிலும் (கம்பெனி திவாலில்) இங்கிலாந்திலும் இரண்டு ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பார்கள், அமெரிக்காவில் ஓராண்டு. நல்லது செய்ததாக நினைத்து, அந்த மனிதரையும் வழக்குக்குள் இழுத்துவிடுகிறோம். சொத்தை வேறு பெயருக்கு மாற்றுவதும் அப்படியே. இங்கிலாந்தில், மீள வழியில்லை என்று தெரிந்த பிறகும் இழுத்துக்கொண்டே போன இயக்குநரையே பொறுப்பாக்க 1986-ன் சட்டத்தில் இடமிருக்கிறது.

எப்போது போக வேண்டும் என்று கேட்டால், அடுத்த 13 வாரத்துக்கு வாரவாரியாக வரவு, செலவு எழுதுங்கள். வரவை வாடிக்கையாளர் சொன்ன நாளில் எழுதாமல், வழக்கமாகக் கொடுக்கும் நாளில் எழுதுங்கள். எந்த வாரத்திலாவது மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போய், அதை அடைக்கப் புதுக் கடனைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்றால் அந்த வாரமே திவால் சட்டம் தெரிந்த வக்கீலையோ ஆடிட்டரையோ பாருங்கள். பார்ப்பதாலேயே நீங்கள் திவால் ஆகிவிட மாட்டீர்கள். பலருக்கு வங்கியோடு பேசித் தவணையை நீட்டுவதிலேயே தீர்ந்துவிடும், முன்கூட்டிப் பேசினால் வங்கிக்கும் அது வசதிதான்.

போகும்போது கடன் கொடுத்தவர்களின் பட்டியல், ஒவ்வொரு ஜாமீன் காகிதத்தின் நகல், வர வேண்டிய பாக்கிகள், வரி பாக்கி, கடந்த இரண்டு ஆண்டில் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கொடுத்த தொகைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வக்கீல் கட்டணத்துக்கும் மனுச் செலவுக்கும் ஒரு தொகையை முன்பே ஒதுக்கி வையுங்கள். கடைசி ரொக்கத்தையும் தவணைக்கே கட்டிவிட்டு வருபவர்களிடம், சட்டம் கொடுக்கும் பாதுகாப்பைக் கேட்டு மனுப்போடக்கூடப் பணம் மிஞ்சியிருப்பதில்லை.