டி செல் எதைப் பார்க்கிறது? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

எச்ஐவி பற்றிய தங்கள் கட்டுரையில், நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான கொல்லும் டி செல்கள் தொற்றுள்ள செல்களை அழிப்பதாக எழுதியிருந்தீர்கள். செல்லுக்குள் இருக்கும் வைரஸ் வெளியே நிற்கும் டி செல்லுக்கு எப்படித் தெரிகிறது? தெரிந்தும் அதனால் ஏன் நோயை வெல்ல முடிவதில்லை? மேனிலைப் பள்ளியில் என் மாணவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

உயிரியல் ஆசிரியை ஒருவர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

டி செல் வைரஸை நேரில் பார்ப்பதே இல்லை. நம் செல்கள் தமக்குள் உருவாகும் புரதங்களில் ஒரு பகுதியை ஓயாமல் வெட்டி, ஏறத்தாழ 8 முதல் 10 அமினோ அமிலங்கள் நீளமுள்ள துண்டுகளை எச்எல்ஏ என்னும் மூலக்கூறின் பள்ளத்தில் பொருத்தி, மேற்பரப்பில் ஏந்தி நிற்கின்றன. உள்ளே வைரஸ் புரதம் உருவானால் அதன் துண்டும் வெளியே வந்துவிடும். துண்டும் எச்எல்ஏவும் சேர்ந்த வடிவத்தையே டி செல் அறிகிறது. வைரஸின் அடையாளத்தையும் எச்எல்ஏவுக்கு இணையான மூலக்கூறையும் டி செல் சேர்த்தே அறிகிறது என்பதை 1974இல் எலிகளில் கண்டறிந்த சிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் 1996இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

வெல்ல முடியாததற்கு முதற்காரணம், எச்ஐவி தன்னை நகலெடுக்கும்போது செய்யும் பிழைகள். துண்டில் ஓர் அமினோ அமிலம் மாறினாலும் டி செல் ஏமாறக்கூடும். ஆனால் எல்லா இடத்திலும் வைரஸ் விலையின்றி மாறிவிட முடியாது. இதை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். வைரஸின் உட்கூட்டைக் கட்டும் காக் புரதத்தில், எச்எல்ஏவின் பி27 என்னும் வகை உள்ளவர்களின் டி செல்கள் குறிவைக்கும் பத்து அமினோ அமிலத் துண்டு ஒன்று உண்டு. அதன் இரண்டாம் இடத்தில் உள்ள ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலந்தான் பள்ளத்தில் ஆழப் பதியும் ஆணி. அதை லைசின் என்னும் வேறோர் அமினோ அமிலமாக மாற்றினால் வைரஸ் தப்பிக்கும். ஆனால் உட்கூடு பழுதாகி, பெருகும் திறன் குன்றிவிடும். புரதத்தின் வேறோர் இடத்தில் ஈடுசெய்யும் மாற்றம் ஒன்றும் தேவைப்படுவதால், இந்தத் தப்பித்தலுக்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை பி27 உள்ளவர் பலருக்கு நோய் மெதுவாகவே முற்றுகிறது.

ஆகவே எத்தனை துண்டுகளைத் தாக்குகிறோம் என்பதைவிட எவற்றைத் தாக்குகிறோம் என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், காக் புரதத்தைப் பரவலாகத் தாக்கியவர்களின் இரத்தத்தில் வைரஸ் குறைந்திருந்தது. வைரஸின் வெளி உறைப் புரதத்தைத் தாக்கியவர்களிடம் கூடியிருந்தது.

இன்னொரு தடையும் உண்டு. நெஃப் என்னும் வைரஸ் புரதம், எச்எல்ஏவின் ஏ, பி வகைகளை மேற்பரப்பிலிருந்து உள்ளிழுத்துவிடுகிறது. அதைவிடக் கடினமானவை, வைரஸின் மரபணுவைத் தம் டிஎன்ஏவில் சுமந்தபடி உறங்கும் செல்கள். அவற்றில் வைரஸ் புரதம் அனேகமாக உருவாவதில்லை. எனவே மேற்பரப்பில் ஏந்தத் துண்டும் இல்லை. எச்ஐவிக்கான கூட்டுமருந்து உட்கொள்பவர் அதை நிறுத்தினால், பெரும்பாலும் சில வாரங்களிலேயே வைரஸ் அவற்றிலிருந்து மீண்டும் பெருகத் தொடங்குகிறது.