வட்டுப் படிமம் வீங்கிவிட்டது: மீட்பு மென்பொருள் தேவையா?

கேள்வி: எங்கள் அலுவலகக் கணக்குகள் லினக்ஸ் மெய்நிகர் கணினி (உண்மைக் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) ஒன்றில் உள்ளன. அதன் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக வைத்திருக்கும் கியூகவ்2 (qcow2) படிமத்தின் கொள்ளளவு 100 ஜிபி. உள்ளே 22 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது. வெளியே, உண்மைக் கணினியில், அந்தக் கோப்பு 91 ஜிபியை அடைத்துக்கொண்டதால் வட்டு நிரம்பி, மெய்நிகர் கணினி நின்றுவிட்டது. சோதித்ததில் 4,096 கிளஸ்டர்கள் (படிமம் தன் இடத்தைப் பிரித்துவைக்கும் துண்டுகள்) ‘லீக்’ என்று வந்தது. படிமம் கெட்டுவிட்டது, மீட்பு மென்பொருள் வாங்குங்கள் என்கிறார் பராமரிப்பு ஒப்பந்தக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். லீக் என்பது, ஆளில்லாத அறைக்கு எதிரே லாட்ஜ் பதிவேட்டில் ‘ஆள் உண்டு’ என்று எழுதியிருப்பதைப் போன்றது. இதனால் இடம்தான் வீணாகிறது, தரவுக்குக் கேடில்லை என்று சோதனைக் கட்டளையே அடுத்த வரியில் சொல்கிறது. அந்த வரியைப் படித்துக் காட்டினால் மென்பொருள் விற்காது என்பது உங்கள் ஒப்பந்தக்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

ஒரு கிளஸ்டர் வழக்கமாக 64 கேபி. ஆகவே உங்கள் லீக் முழுவதும் சேர்ந்தாலும் 256 எம்பிதான். மீதியெல்லாம் நீங்கள் எப்போதோ அழித்த கோப்புகளின் இடம். உள்ளே அழித்ததை வெளியே தெரிவிக்கும் ‘டிஸ்கார்ட்’ வசதி பல ஆண்டுகளாக இருந்தும், மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஎமு மென்பொருளில் அது இயல்பாக அணைந்தே கிடக்கிறது. கேட்டவருக்கு மட்டும் இடத்தைத் திருப்பித் தரும் இந்த ஏற்பாட்டை இன்னும் எத்தனை காலம் சகித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மெய்நிகர் கணினியை முழுமையாக நிறுத்தி, படிமத்தை வேறொரு வட்டில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘கியூஎமு-இமேஜ் செக்’ கட்டளையில் பழுதுநீக்கத்துக்கு ‘லீக்ஸ்’ என்று மட்டும் கொடுங்கள். ‘ஆல்’ என்று கொடுத்தால் அது தவறான திருத்தத்தையும் தேர்ந்துவிடக்கூடும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால், இதுவரை கெடாத படிமம் அப்போதுதான் கெடும். அடுத்து, வட்டின் அமைப்பில் டிஸ்கார்டை ‘அன்மேப்’ என்று மாற்றி, கணினியை மீண்டும் இயக்கி, அழித்த இடத்தை வெளியே தெரிவிக்கும் ‘எஃப்எஸ்ட்ரிம்’ கட்டளையை உள்ளே ஓட்டுங்கள். கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளை பழைய நீளத்தையே காட்டக்கூடும். அதைக் கண்டு பதறாமல் ‘டியூ’ காட்டும் அளவைப் பாருங்கள், அதுவே வட்டில் உண்மையாகப் பிடித்திருக்கும் இடம்.

ஸ்நாப்ஷாட் (வட்டின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்த பதிவு) வைத்திருந்தால் மட்டும் கணக்கு மாறும். படிமத்துக்கு உள்ளேயே எடுத்த ஸ்நாப்ஷாட், அன்றைய கோப்புகளின் கிளஸ்டர்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே இன்று எவ்வளவு அழித்தாலும், எத்தனை முறை ட்ரிம் செய்தாலும், அந்த ஸ்நாப்ஷாட்டை நீக்கும்வரை அந்த இடம் திரும்பாது. ‘கன்வர்ட்’ கட்டளையால் புதிய படிமம் உருவாக்கினால் சுருங்கும் என்று சொல்வார்கள், சுருங்கவும் செய்யும். ஆனால் அதில் இன்றைய நிலை மட்டுமே வரும், உள் ஸ்நாப்ஷாட்டுகள் வராது, பழைய கோப்பையும் அழித்திருந்தால் அவை போனதுதான். ஸ்நாப்ஷாட் தனிக் கோப்பாக இருந்தால், அதற்கு அடியில் இருக்கும் பழைய படிமமான அடிப்படைக் கோப்பைத் தொடவே கூடாது. அதில் எதையாவது எழுதினால் மேலே இருக்கும் கோப்பு பொருளற்றுப் போகும். எனவே ட்ரிம் செய்வதற்கு முன், ‘கியூஎமு-இமேஜ் இன்ஃபோ’ கொடுத்து, ஸ்நாப்ஷாட் பட்டியலோ அடிப்படைக் கோப்பின் பெயரோ வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் வரவில்லை என்றால் மேலே சொன்ன வரிசைப்படி செய்துவிடலாம்.