நுண்கால்வாய் வெப்பமாற்றியில் அழுத்தம் ஏறுவது பற்றி

வணக்கம். திருகோணமலைத் துறைமுகக் கடல்நீரை 200 மைக்ரோன் (0.2 மில்லிமீற்றர்) விட்டமுள்ள துருவேறா உருக்குக் கால்வாய்களில் நேரடியாகச் செலுத்துவதாகவும், இரண்டு வாரங்களில் அழுத்தம் இரு மடங்குக்கு மேல் ஏறிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகப் பம்பை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

சீரான மென்பாய்வில் (நீர் கலங்காமல் அடுக்கடுக்காக ஓடும் பாய்வில்) அழுத்த வீழ்ச்சி, அதாவது கால்வாயின் இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமாக இருப்பதால், சுவரைச் சுற்றி 20 மைக்ரோன் படிவு சேர்ந்தாலே, அதே பாய்வு வீதத்துக்கு, அது ஏறத்தாழ 2.4 மடங்காகிவிடும். நீர் சூடாகச் சூடாகக் கடல்நீரிலுள்ள கல்சியம் காபனேற்றின் (சுண்ணப் படிவின்) கரைதிறன் குறைவதால், நீங்கள் குளிர்விக்க விரும்பும் அந்தச் சூடான சுவரில்தான் அது முதலில் படிகிறது. மாரிகாலத்தில் மகாவலி ஆறு துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக்குடாவில் சேர்க்கும் வண்டலும் நமக்குத் துணை செய்வதில்லை.

நுண்கால்வாய்களுக்குள் அயனகற்றிய (கரைந்த உப்புகள் நீக்கிய) நீரை மட்டும் மூடிய சுற்றாக ஓடவிட்டு, அந்நீரைக் கடல்நீரால் குளிர்விக்கும் வேலையைக் கழற்றித் துலக்கக்கூடிய தைற்றேனியத் தட்டு வெப்பமாற்றியிடம் விட்டுவிடுங்கள். நுண்கால்வாய்களின் நுழைவாயிலில் 20 மைக்ரோன் வடிகட்டி அவசியம். இப்போதுள்ள படிவை ஐதான சித்திரிக்கமிலத்தால் கழுவி, கழுவுமுன்னும் பின்னும் ஒரே பாய்வு வீதத்தில் அழுத்தத்தை அளந்து, அந்த எண்களை இங்கே தயவுசெய்து பதியுங்கள்.