வீட்டு ஸ்டுடியோவுக்கு உறுதியான கேமரா ஸ்டாண்ட்: கேள்வி பதில்

கேள்வி: என் கேமராவும் லென்ஸும் சேர்ந்து 2 கிலோதான். 8 கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த டிரைபாட் ஒன்றை வாங்கினேன். இருந்தும் மெதுவான ஷட்டர் வேகத்தில் படங்கள் லேசாகக் கலங்குகின்றன. எங்கே தவறு?

பதில்: தாங்கும் எடை என்ற எண், ஸ்டாண்ட் சரியாமலும் முறியாமலும் எவ்வளவு சுமக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது, அதிர்வைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்த எண்ணைக் கணக்கிட எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் ஒரே முறையும் கிடையாது என்பதால், ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதும் பயன் தராது. நீங்கள் தேட வேண்டியது விறைப்பு. அதைப் பெருமளவு தீர்மானிப்பது கால்குழாயின் விட்டம். பொருளும் சுவர்த் தடிமனும் மாறாமல், விட்டம் மட்டும் 22 மில்லிமீட்டரிலிருந்து 28 மில்லிமீட்டராக உயர்ந்தால், குழாய் வளையாமல் நிற்கும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். கால்கள் எத்தனை துண்டுகளாக நீள்கின்றன என்பதையும் பாருங்கள். துண்டுகள் கூடும்போது கடைசித் துண்டு மெலிந்துபோகிறது, பூட்டுகளும் கூடுகின்றன. ஐந்து துண்டுக் கால்கள் பயணப் பைக்காகச் செய்யப்பட்டவை. ஓர் அறையிலேயே நிற்கப்போகும் ஸ்டாண்டுக்கு மூன்று துண்டுகளே போதும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்களிடமுள்ள நீளமான லென்ஸைப் பொருத்தி, கேமராத் திரையில் காட்சியை முழுமையாகப் பெரிதாக்கிக்கொண்டு, ஒரு காலை விரலால் தட்டுங்கள். காட்சி உடனே அடங்கினால் அது நல்ல ஸ்டாண்ட். ஆடிக்கொண்டே இருந்தால், பெட்டியில் எந்த எண் இருந்தாலும் அதை வாங்க வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு உயரமுள்ள ஸ்டாண்ட் தேவை? பெரும்பாலும் சிறு பொருள்களை மேசைமேல் வைத்துப் படமெடுப்பேன்; சில வேளைகளில் உருவப்படங்களும் எடுப்பேன்.

பதில்: நடுத்தண்டை உயர்த்தாமல் கிடைக்கும் உயரத்தை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். நடுத்தண்டை முழுதாக உயர்த்தினால், மூன்று கால்களின் மேல் ஓர் ஒற்றைக் காலை நட்டதற்கு ஒப்பாகிவிடும். விலை உயர்ந்த டிரைபாட்டும் அந்த நிலையில் தன் உறுதியை இழக்கிறது. 75 சென்டிமீட்டர் உயர மேசையில் இருக்கும் பொருளை, பக்கவாட்டில் 80 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து 35 பாகை சாய்வில் கீழ்நோக்கி எடுப்பதாகக் கொண்டால், லென்ஸ் தரையிலிருந்து சுமார் 130 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதில், கால்களின் மேல் அமர்ந்து கேமராவைப் பிடித்துத் திருப்பும் பகுதியான ஹெட்டின் உயரமாக 10 முதல் 12 சென்டிமீட்டரைக் கழித்தால் கால்களின் உயரம் கிடைக்கும். அமர்ந்திருப்பவரின் உருவப்படத்துக்கும் அவர் கண்மட்டமே போதும். ஆகவே உங்கள் தேவைக்கு 130 சென்டிமீட்டர் கால் உயரம் தாராளம்.

கேள்வி: கார்பன் ஃபைபரா, அலுமினியமா?

பதில்: கார்பன் ஃபைபரின் பெரிய நன்மை எடைக்குறைவு. அதிர்வை விரைவில் அடக்குவதும் உண்மைதான். ஆனால் தோளில் சுமக்கத் தேவையில்லாத இடத்தில் எடைக்குறைவுக்காகப் பணம் செலவிடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். அதே தொகைக்குத் தடித்த அலுமினியக் கால்களையும் தரமான ஹெட்டையும் வாங்கலாம். ஸ்டுடியோவில் கனம் ஒரு நன்மையே.

கேள்வி: என் அறை மாடியில், மரத்தளத்தின் மேல் இருக்கிறது. யாராவது நடந்தாலே கேமரா அசைகிறது. டிரைபாட்டில் பை தொங்கவிட்டால் சரியாகுமா?

பதில்: தளமே அசையும்போது எந்த ஸ்டாண்டும் முழுத் தீர்வாகாது. தளத்தின் நடுப்பகுதிதான் மிகுதியாக அதிரும் என்பதால், ஸ்டாண்டைச் சுவரோரமாக நகர்த்துங்கள். படமெடுக்கும்போது யாரும் நடக்க வேண்டாம். 2 விநாடி டைமரைப் பயன்படுத்துங்கள். லென்ஸில் அதிர்வு நீக்கும் வசதி இருந்தால், அதை அணைத்தும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், ஏனெனில் சில லென்ஸ்களில் ஸ்டாண்டின் மேல் அதுவே சிறு கலக்கத்தை உண்டாக்கும். தொங்கும் பை ஊசலாடினால் அதிர்வைக் கூட்டிவிடும். அது தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்குமாறு கட்டுங்கள். அறையின் பிற வெளிச்சத்தை அடக்கிவிட்டு ஃபிளாஷ் மட்டும் கொண்டு எடுத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும், ஏனெனில் அப்போது படத்தைப் பதிவுசெய்வது ஃபிளாஷ் மின்னும் மிகச் சிறு நேரமே.

கேள்வி: மேசைக்கு நேர் மேலிருந்து கீழ்நோக்கி எடுக்க, விளக்குக்கான ஸ்டாண்டில் ஒரு கிடைக்கை (பக்கவாட்டில் நீளும் கிடைமட்டக் கம்பி) பொருத்திக் கேமராவைத் தொங்கவிடலாமா?

பதில்: மெல்லிய விளக்கு ஸ்டாண்டில் தயவுசெய்து வேண்டாம். கேமரா விழுவது ஒருபுறமிருக்க, அதன் கீழே பெரும்பாலும் உங்கள் கைகளோ தலையோ இருக்கும். கிடைக்கையின் எடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடுவோம். 1.5 கிலோ கேமரா தண்டிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கினால், மறுபக்கம் 30 சென்டிமீட்டரில் 3 கிலோ எதிர்எடை வைத்தால்தான் சமநிலை வரும். இதற்குப் பொருத்தமானது சி-ஸ்டாண்ட் எனப்படும் கனமான உலோக ஸ்டுடியோ ஸ்டாண்ட். அதன் மூன்று கால்களும் வெவ்வேறு உயரத்தில் இருப்பவை. மிக உயர்ந்த காலைப் பாரம் தொங்கும் திசைக்கு நேராக வைத்து, அந்தக் காலின் மேலேயே மணல்பையைப் போடுங்கள். கிடைக்கையைப் பிடிக்கும் திருகு, பாரம் கீழே இழுக்கும்போது மேலும் இறுகும் திசையில் இருக்க வேண்டும்; எதிர்த்திசையில் வைத்தால் மெல்லத் தளர்ந்துகொண்டே வரும். கேமராவை ஒரு பாதுகாப்புக் கம்பியால் தண்டோடு தனியாகக் கட்டிவிடுங்கள். லென்ஸ் மேசைக்கு நேர்செங்குத்தாக இருக்கிறதா என்று அறிய, மேசைமேல் ஒரு சிறு கண்ணாடியைப் படுக்கவையுங்கள். லென்ஸின் பிம்பம் படச்சட்டத்தின் சரியான நடுவில் தெரிந்தால் கோணம் சரி.

கேள்வி: பால் ஹெட்டை (பந்து மூட்டில் திரும்பும் ஹெட்) இறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் படச்சட்டம் சற்றுக் கீழே இறங்குகிறது. ஹெட்டில் கோளாறா?

பதில்: சிறிய பந்து கொண்ட ஹெட்களில் இது சாதாரணம். அவை விரைவாகத் திருப்புவதற்கு ஏற்றவை. சட்டத்தை மில்லிமீட்டர் அளவில் அமைக்கும் பொருட்படப் பணிக்கு ஒவ்வொரு அச்சும் தனியாக நகரும் மூன்று கைப்பிடி ஹெட்டோ, பற்சக்கர ஹெட்டோ மேலானது. செலவு கூடினாலும் பற்சக்கர ஹெட்டையே நான் பரிந்துரைப்பேன். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பும்போது ஹெட்டைப் பக்கவாட்டில் சாய்க்காமல், கேமராவில் எல் வடிவத் தகடு பொருத்தினால் எடை நடுவிலேயே நிற்கும். கனமான லென்ஸில் அதைச் சுற்றிப் பிடிக்கும் வளையம் (டிரைபாட் காலர்) இருந்தால், ஹெட்டில் பொருந்தும் தகட்டை அந்த வளையத்தில்தான் மாட்ட வேண்டும். கேமரா அடியிலுள்ள திருகுத்துளை வழக்கமாக 1/4 அங்குலம், காலுக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ளது பெரும்பாலும் 3/8 அங்குலம். இந்த இரண்டில் எது தளர்ந்தாலும் தடித்த கால்களால் பயனில்லை.

கேள்வி: சக்கரம் வைத்த ஒற்றைத் தூண் ஸ்டுடியோ ஸ்டாண்ட் வீட்டுக்கு மிகையா?

பதில்: நிரந்தரமாக ஓர் அறை ஒதுக்கியிருந்தால் மிகையே அல்ல. கோணம் மாறாமல் கேமராவைத் தரைக்கு அருகிலிருந்து தலைக்கு மேல்வரை ஒரே இழுப்பில் நகர்த்தலாம். நாளெல்லாம் படமெடுப்பவர்களுக்கு இது பெரும் நிம்மதி. ஆனால் அதை மடித்து வைக்க முடியாது. கூரையின் உயரத்தையும் வாசலின் அகலத்தையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். சக்கரங்களைப் பூட்டிய பின் தூணை இருகைகளாலும் முறுக்கிப் பாருங்கள். அடித்தளம் திரும்பினால் அந்த ஸ்டாண்டை விட்டுவிட்டு, அதே பணத்தில் நல்ல டிரைபாட் ஒன்றை வாங்குங்கள்.