ஓடும்போதே கழற்றினால்: பழைய டிஸ்க் டிரைவர்கள், கேள்வி பதில்

ஓசூர் பட்டறைகளிலும் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷின்களுக்கு லினக்ஸ் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) எழுதுவதும் ஒட்டுப் போடுவதும்தான் என் பிழைப்பு. டிஸ்க்கையோ கார்டையோ ஓடும்போதே கழற்றினால் டிரைவர் விழாமல் இருப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பர்கூர், மாணவர்: பழைய டிரைவரில் ஹாட் ரிமூவல் (ஓடும்போதே கழற்றும் வசதி) சேர்க்க எங்கிருந்து ஆரம்பிப்பது சார்?

ரிமூவ் ஃபங்ஷனிலிருந்து (சாதனம் போனதும் லினக்ஸ் கூப்பிடும் பகுதி) ஆரம்பிக்காதீர்கள். "டிஸ்க் எங்கே போய்விடப் போகிறது" என்ற நம்பிக்கையில் எழுதிய வரிகளை முதலில் தேடிப் பிடியுங்கள்.

ஒரு மாங்கூழ் ஆலையில் நடந்தது. சீசன் நேரம். ரிப்போர்ட் எடுக்க ஆபரேட்டர் மெமரி கார்டை உருவிவிட்டார். மெஷின் அப்படியே உறைந்துவிட்டது. பார்த்தால், பிஸி பிட் ('வேலையில் இருக்கிறேன்' என்ற அடையாளம்) அணையும்வரை, கார்டின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படித்துக்கொண்டே இருக்கும் ஒரு லூப், காலக்கெடுவே இல்லாமல். ஆளில்லாத இடத்தில் படித்தால் எல்லா பிட்டும் 1, அதாவது 255 வரும். அதில் பிஸி பிட்டும் 1. இல்லாத கார்டு எப்போது வேலை முடிக்கும்? அந்த லூப்பை எழுதியவன் நான்தான்.

லூப்புகளுக்குக் கெடு வைத்த பிறகு வருவதுதான் உண்மையான வேலை. கார்டு போனது தெரிந்துவிடும், அது சுலபம். யார் யார் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் கஷ்டம். ஒரு புரோகிராம் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும். ஒரு டைமர் அடிக்கக் காத்திருக்கும். டிஸ்க் போனதும் டிரைவரின் டேட்டாவையும் விடுவித்தால், அந்த டைமர் வந்து காலி மனையில் கதவைத் தட்டும். வன்பொருளின் ஆயுள் வேறு, டிரைவரின் டேட்டாவை வைத்திருக்கும் உங்கள் ஸ்ட்ரக்சரின் ஆயுள் வேறு. ரெஃபரன்ஸ் கவுண்ட் (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை) வைத்து, கடைசி ஆள் கையை விட்ட பிறகே விடுவியுங்கள்.

வரிசை இது: டிஸ்க் செத்துவிட்டது என்று குறித்து, புதிய கோரிக்கைகளை வாசலிலேயே பிழை சொல்லித் திருப்புங்கள். பாதியில் நிற்பவற்றையும் பிழையோடு முடித்து வையுங்கள். அப்புறம் டைமர், வொர்க் (பிறகு செய்ய ஒதுக்கி வைத்த வேலை), இன்டரப்ட் (வன்பொருள் தரும் அழைப்பு) எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டைமர் வொர்க்கைக் கூப்பிட்டு, வொர்க் மறுபடி டைமரை வைக்கும் டிரைவர்கள் உண்டு. அங்கே ஒன்றை மட்டும் நிறுத்திப் பயனில்லை.

காவேரிப்பட்டினம்: பென் டிரைவை 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள், காப்பி முடிந்தது போல் தெரிந்தாலும் எழுதுவது பாக்கி இருக்கலாம். இந்தக் கேள்வி இன்று இங்கே சேராது.

பாலக்கோடு: ஐடிஇ (பழைய பட்டைக் கேபிள் முறை) டிஸ்க்கை மெஷின் ஓடும்போது கழற்ற, டிரைவரை மாற்றினால் போதுமா?

போதாது. ஐடிஇ-க்குப் பின் வந்த சாட்டா முறையில், பவர் கனெக்டரின் 15 பின்களில் சில கிரவுண்ட் பின்கள் நீளமானவை. சொருகும்போது முதலில் தொடும், கழற்றும்போது கடைசியில் விடும். ஐடிஇ கேபிளின் 40 பின்னும் ஒரே நீளம், அந்த ஏற்பாடே கிடையாது. கண்ட்ரோலர் புகைந்த பிறகு எந்த டிரைவர் வந்து காப்பாற்றும்? மின்சாரத்தை அணைக்காமல் ஐடிஇ-யைத் தொடாதீர்கள்.

ஓசூர், சிஎன்சி பட்டறை: எங்கள் மெஷினில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு இருக்கிறது. அதைக் கழற்றலாம்தானே?

எந்த முறையில் இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிசி கார்டு முறை (பழைய லேப்டாப்களின் கார்டு ஸ்லாட் முறை) என்றால் சரி. கார்டு இருப்பதைக் காட்டும் இரண்டு பின்கள் குட்டையானவை. உருவும்போது அவைதான் முதலில் விடும், பவர் பின்கள் இன்னும் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சின்ன இடைவெளியில் டிரைவருக்குச் செய்தி போய்விடும். ஐடிஇ கேபிளில் மாட்டும் அடாப்டர் என்றால் மேலே பாலக்கோட்டுக்குச் சொன்ன பதில்.

ஓசூர், இன்னொருவர்: எதற்கு இவ்வளவு? ஒவ்வொரு முறை ரிஜிஸ்டரைத் தொடுமுன் 'இருக்கிறதா' என்று பார்த்தால் வேலை முடிந்தது.

முடியாது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு டீ சொல்லப் போகிறீர்கள். டீ வரும்போது வண்டி இருக்குமா?

அவரே: மைக்ரோ செகண்டில் யார் கழற்றப் போகிறார்கள் அண்ணா?

ஒரு நாளில் எத்தனை கோடி முறை படிக்கிறது உங்கள் டிரைவர்? அதில் ஒரு முறை போதும்.

தர்மபுரி: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்றும் பார்க்காமல் இருப்பதற்கு இது மேல்தானே?

பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. முன்னால் பார்க்காதீர்கள், பின்னால் பாருங்கள். படித்து வந்த மதிப்பு முழுக்க 1 என்றால் சந்தேகப்படுங்கள். சில ரிஜிஸ்டர்களில் அது நியாயமான மதிப்பாகவும் இருக்கலாம். அதனால் பிசிஐ கார்டு (மதர்போர்டு ஸ்லாட்டில் சொருகுவது) என்றால் வெண்டர் ஐடியை (தயாரிப்பாளர் எண்) படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவும் முழுக்க 1 என்றால் ஆள் இல்லை. 'இருக்கிறது' என்ற பதில் சொன்ன கணத்திலேயே பழசாகிவிடும். 'போய்விட்டது' என்பது அப்படி மாறாது. ஓசூர்க்காரர் இதற்கும் பதில் எழுதுவார், தெரியும்.

ஓசூர்க்காரர்: என் டிரைவர் இரண்டு வருடமாக ஓடுகிறது.

இரண்டு வருடமாக யாரும் கழற்றவில்லை போல.

அரூர்: சாட்டா டிஸ்க்கை எடுத்தால் லினக்ஸுக்குத் தெரிவதே இல்லை.

லிங்க் பவர் சேமிப்பு இயங்குகிறதா பாருங்கள். இணைப்பு தூக்கத்தில் இருந்தால் பிரிந்ததைக் கண்டுபிடிப்பது நிச்சயமில்லை. அந்த போர்ட்டுக்கு மட்டும் சேமிப்பை நிறுத்துங்கள். பயாஸில் ஹாட் பிளக் அமைப்பையும் பாருங்கள்.

ஊத்தங்கரை: ஐடிஇ டிஸ்க்கில் பவர் ஒயரை மட்டும் முதலில் எடுத்தால்...

வேண்டாம். பாலக்கோட்டுக்கு எழுதியதைப் படியுங்கள்.

பென்னாகரம்: கீழே விழுந்த டிஸ்க்கிலிருந்து போட்டோ எடுக்க முடியுமா?

மறுபடி இயக்கிப் பார்க்காதீர்கள், டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

பர்கூர், அதே மாணவர்: கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) பழைய ஐடிஇ அமைப்பிலேயே இதை எழுதட்டுமா?

அந்த அமைப்பை 2021-இல், 5.14 கெர்னலில், முழுதாக நீக்கிவிட்டார்கள். ஐடிஇ, சாட்டா இரண்டையும் கவனிக்கும் லிபேட்டாவுக்கு மாறுங்கள். அதில் ஹாட் பிளக் 2006-லேயே, 2.6.18-இல் வந்துவிட்டது.

சோதிப்பது பற்றி ஒரு வார்த்தை. சிஸ்எஃப்எஸ் (சாதனங்களை ஃபைல்களாகக் காட்டும் கெர்னல் வசதி) வழியாக டிஸ்க்கை நீக்கிப் பார்ப்பது நல்ல தொடக்கம், ஆனால் அப்போது டிஸ்க் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். நிஜமாக உருவுவது வேறு. கெர்னலின் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசானை இயக்கி, ஃபைலை எழுதவிட்டு, பாதியில் உருவுங்கள், திரும்பத் திரும்ப. விடுவித்த நினைவகத்தை யார் தொட்டாலும் கேசான் காட்டிக்கொடுக்கும்.

ஓசூர்க்காரர்: சரி அண்ணா, அதையும் செய்து பார்த்தேன். 14-வது தடவையில் விழுந்துவிட்டது.

லாக்கை அனுப்புங்கள். டைமராகத்தான் இருக்கும்.