செம்பு வாலை: எண்ணெயும் தீநீரும் வடிப்போர் கேட்டவை

கேள்வி: 20 லிட்டர் வாலைக்குத் தகடு என்ன கனம், என்ன அளவு?

பதில்: வாலை என்பது தழையிலிருந்து கிளம்பும் ஆவியைத் தலை வழியாகச் சுருள் குழாய்க்குள் அனுப்பிக் குளிரவைத்து வடிக்கும் கலம்; எண்ணெயோடு இறங்கும் மண நீர்தான் தீநீர். அதற்கு 1 மி.மீ. செம்புத் தகடு எடுங்கள். அதற்குக் குறைந்தால் அடிப்பாகம் சூட்டில் நெளியும். விட்டம் 30 செ.மீ., உயரம் 30 செ.மீ. வைத்தால் 21 லிட்டர் பிடிக்கும். சுற்றளவு 94.2 செ.மீ.; ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏற 1.5 செ.மீ. கூட்டி 95.7 செ.மீ. வெட்டுங்கள். அடித்தட்டு 32 செ.மீ. வட்டம், சுற்றிலும் 1 செ.மீ. மடிப்புக்குப் போய்விடும். தட்டத் தட்டச் செம்பு விறைக்கும். விறைத்த பிறகும் அடித்தால் மடிப்பு கீறும். மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் திரும்ப இளகும்.

கேள்வி: மின்னணு வேலைக்கு வைத்திருக்கும் ஈயக் கம்பியால் பற்றவைக்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். பழைய கம்பிகளில் காரீயம் 40 சதவீதம் வரை இருக்கும், அது வடிநீரில் இறங்கும். தலைப்பகுதிக்கும் குழாய்க்கும் வெள்ளீயம் 96, வெள்ளி 4 கலந்த கம்பி போதும். அது சுமார் 220 டிகிரியில் உருகும். அடித் தையலுக்கு அதுவும் ஆகாது. தண்ணீர் வற்றிவிட்டால் அடிப்பாகம் நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டும், தையல் விட்டுவிடும். அங்கே பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பியால் பிரேசிங் (இன்னும் அதிகச் சூட்டில் உருகும் கம்பியால் பற்றவைப்பது) செய்யுங்கள். செம்போடு செம்பு சேர்க்க ஃப்ளக்ஸ் (உருகிய கம்பி நன்றாகப் பிடிக்கப் பூசும் பொருள்) தேவையில்லை. பித்தளை சேர்த்தால் தேவை. காட்மியம் உள்ள வெள்ளிக் கம்பியைத் தொடவே வேண்டாம், அதன் புகை நஞ்சு.

கேள்வி: குழாய் முனையில் நீரோடு ஆவியும் புகையாக வருகிறது. சுருளை நீட்டினால் சரியாகுமா?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். கொதிக்கும் நீர் ஒரு லிட்டர் ஆவியாக 2257 கிலோஜூல் வேண்டும். 2 கிலோவாட் அடுப்பின் சூடு முழுக்க உள்ளே இறங்கினால் மணிக்கு 3.2 லிட்டர் ஆவி கிளம்பும். ஏற்றிய சூடு அத்தனையையும் குளிர்நீர் வாங்கியாக வேண்டும். அது 30 டிகிரி சூடேறி வெளியேறுவதாக வைத்தால், ஒரு லிட்டர் வடிநீருக்கு 20 லிட்டர் குளிர்நீர் செலவு. வாளியில் தேங்கிய நீர் அரை மணியில் கைவிடுவது இதனால்தான். சுருளைக் குறை சொல்லிப் பயனில்லை. 12 மி.மீ. குழாய் 3 மீட்டர் இந்த அடுப்புக்குத் தாராளம். குளிர்நீர் கீழே நுழைந்து மேலே வெளியேறட்டும்.

சுருள் வளைக்கும் முன் குழாயில் உலர்ந்த நைஸ் மணலைத் தட்டித் தட்டி நிரப்பி இரு முனையையும் அடையுங்கள், மடிந்து நசுங்காது. தொடக்கம் முதல் முடிவு வரை சரிவு கீழ்நோக்கியே இருக்க வேண்டும். ஓரிடத்தில் தாழ்ந்து ஏறினாலும் அங்கே நீர் தேங்கும், ஆவி அதை முட்டித் தள்ளும், வடிநீர் விட்டு விட்டுத் துப்பும்.

கேள்வி: தலை சேரும் இடத்தில் கசிவு. ரப்பர் வளையம் போடலாமா?

பதில்: வாசனை எண்ணெய் ரப்பரை உப்ப வைக்கும், ரப்பர் நாற்றம் எண்ணெயில் ஏறும். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து பூசுங்கள், சூட்டில் வெந்து இறுகிவிடும். எங்காவது அடைத்து அழுத்தம் ஏறினால் முதலில் பிய்வதும் இந்த மாவுதான், அது நல்லதே. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஆவி போகும் வழியில் எங்கும் வால்வு வைக்காதீர்கள். இலைத்தூள் குழாயில் ஏறாமல் தலையின் வாயில் சல்லடை வையுங்கள். தழையைத் தலைவரை திணிக்காதீர்கள்.

கேள்வி: வடிநீர் லேசாகப் பச்சையாக இருக்கிறதே?

பதில்: சுருளுக்குள் செம்பில் படியும் பச்சைக் களிம்பு. கொட்டிவிடுங்கள். வெந்நீரில் சிட்ரிக் அமிலம் கரைத்துச் சுருளில் ஊற்றி அரை மணி ஊறவிட்டு அலசுங்கள். பிறகு வெறும் தண்ணீரை ஒருமுறை வடித்துக் கொட்டுங்கள். வேலை முடிந்ததும் ஈரத்தோடு மூடி வைப்பதுதான் காரணம்.

கேள்வி: இதிலேயே சாராயம் வடிக்கலாமா?

பதில்: பல நாடுகளில் உரிமம் இல்லாமல் அது குற்றம். அதோடு, கசியும் சாராய ஆவி அடுப்புத் தீயில் பற்றும். இந்த அமைப்பு அதற்கானதல்ல.

கேள்வி: தழை நிறையப் போட்டும் எண்ணெய் படலம்கூட இல்லை.

பதில்: எந்தத் தழை என்று சொல்லவில்லை. எலுமிச்சைப்புல் என்றால் இரண்டு மூன்று மணியில் வந்துவிடும்; வெட்டிவேருக்கு அரை நாளுக்கு மேல் ஆகும், பாதியில் நிறுத்தியிருப்பீர்கள். தழையைத் தண்ணீரில் போடாமல் மேலே துளைத்தட்டில் பரப்புங்கள். அழுத்தி அடைத்தால் ஆவி ஒரு பக்கமாக வழி தேடிக்கொண்டு போய்விடும், மற்ற தழை அப்படியே கிடக்கும். ரோஜா மட்டும் விதிவிலக்கு: இதழ்கள் ஆவியில் ஒட்டிக் கட்டியாகும், ஆகவே நீரில் மிதக்க விட்டே வடிக்க வேண்டும். அதன் வாசனையில் பெரும்பகுதி நீரிலேயே கரைவதால் படலம் தெரியாது. முதலில் வந்த தீநீரை மறுபடி வாலையில் ஊற்றி வடித்தால் கொஞ்சம் எண்ணெய் பிரியும். கிராம்பு எண்ணெய் நீரைவிடக் கனம், மேலே தேடாதீர்கள், கலத்தின் அடியில் பாருங்கள்.