குனிந்து காலைத் தொட்டால் தசை நீளுமா?

இரண்டு மாதமாகக் குனிந்து காலைத் தொட்டுப் பழகுகிறேன். இப்போது விரல் தரையில் படுகிறது. பின்தொடைத் தசை நீண்டுவிட்டதா? (பெரம்பூர்)

பெரிதாக நீண்டிருக்காது. நீங்கள் இழுவையைப் பொறுக்கும் அளவுதான் கூடியிருக்கும். 3 முதல் 8 வாரம் பயிற்சி செய்தவர்களை அளந்து பார்த்ததில், ‘இதற்கு மேல் முடியாது’ என்று அவர்கள் சொல்லும் இடம் தள்ளிப்போயிருந்தது. தசை பெரும்பாலும் பழையபடியேதான் இருந்தது. பூனையின் கெண்டைத் தசையை நீட்டிய நிலையிலேயே வாரக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டு வைத்தபோது, தசை இழையில் புதிய சார்கோமியர்கள் (தசையைச் சுருங்கவைக்கும் நுண் அலகுகள்) சேர்ந்து அது நிஜமாகவே நீண்டது. தினம் பத்து நிமிடத்தில் நமக்கு அது நடக்காது.

தசைக்குள் இழுவையை உணரும் நுண்ணிய அமைப்புகள் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும், தசை உடனே சுருங்கும். டாக்டர் முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் எகிறுவது இதனால்தான். எனவே துள்ளித் துள்ளிக் குனியாதீர்கள். லேசாக இழுக்கும் இடத்தில் 30 விநாடி நில்லுங்கள், மூச்சை அடக்க வேண்டாம். பயிற்சியை விட்டுவிட்டால் சில வாரங்களில் பழைய நிலைக்கே திரும்பும்.

மெரினாவில் ஓடுவதற்கு முன் ஸ்ட்ரெச் செய்ய வேண்டுமா? (திருவல்லிக்கேணி)

ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால், சற்று நேரத்துக்கு அதன் வேகமும் பலமும் கொஞ்சம் குறையும். ஐந்து நிமிடம் வேகமாக நடந்து, காலை முன்னும் பின்னும் வீசிவிட்டு ஓடுங்கள். நின்று இழுப்பதை ஓடி முடித்தபின் வைத்துக்கொள்ளலாம்.

அப்படி இழுத்தால் மறுநாள் உடம்புவலி வராதா? (திருவான்மியூர்)

வரும். 100 புள்ளி வலி அளவுகோலில் சில புள்ளிகள் குறைந்தால் அதிகம்.

மகளுக்குப் பரதநாட்டியத்தில் அரைமண்டி (பாதங்களை வெளியே திருப்பி, முழங்காலை மடக்கிப் பாதி அமரும் நிலை) சரியாக வரவில்லை. தொடையை அழுத்திவிட்டால் விரியுமா? (மயிலாப்பூர்)

தயவுசெய்து அழுத்தாதீர்கள். பாதம் எவ்வளவு வெளியே திரும்பும் என்பதில் இடுப்பு எலும்பின் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எந்தப் பயிற்சியும் மாற்றாது. இடுப்பில் கிடைக்காததைப் பிள்ளைகள் முழங்காலையும் கணுக்காலையும் முறுக்கி ஈடுகட்டுவார்கள். மார்கழி அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றாலும் இதில் அவசரம் கூடாது. பிட்டத் தசைக்கு வலுவூட்டினால், எலும்பு அனுமதிக்கும் அளவை அவள் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

அம்மாவுக்கு ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. (வேளச்சேரி)

முழங்காலை நீட்டி, பாதத்தை அவரை நோக்கி மெதுவாக மடக்கிப் பிடியுங்கள். அவரே முயன்று மடக்கினால் இன்னும் நல்லது. முன்பக்கத் தசை வேலை செய்யும்போது கெண்டை தளரும். தூங்கப் போகும்முன் சுவரில் கைவைத்து, குதிகால் தரையில் பதிய, கெண்டையை நீட்டிவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று: ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் சேர்ந்த வலி என்றால் அது ரத்த உறைவாக இருக்கலாம். நீவாமல், இழுக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.